ராத்திரி கபடி எடுக்க எதை முதலில் வாங்குவது: கேமரா பாடியா, லென்ஸா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். கையில் நிக்கான் டி5600, கூடவே வந்த 18-55, 70-300 லென்ஸ்கள். ஊர் நோம்பிகளில் (திருவிழாக்களில்) நடக்கும் கபடி, வாலிபால், பிறகு ரேக்ளா பந்தயம் எடுக்க ஆசை. ராத்திரி ஆட்டப் படங்கள் எல்லாம் இருட்டாகவோ கலங்கலாகவோ வருகின்றன. ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறார். கடையில் 150-600 லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள், நண்பர்கள் புது மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

தம்பி, இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஆட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து ஆட்டக்காரர் எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். நம் பக்கம் கபடியும் வாலிபாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் சூடு பிடிக்கும். களமோ சின்னது. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கடைசிக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால் உட்கார்ந்தால் எதிர்க்கடைசிக் கோடே 15 மீட்டரில் வந்துவிடும். 600 மி.மீ. லென்ஸுக்கு அங்கே வேலை இல்லை. உங்களுக்குப் போதாமல் இருப்பது வெளிச்சம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மூலையிலும் கம்பம் நட்டு எல்இடி ஃபிளட் லைட் கட்டிய ஒரு சுமாரான ஊர்க் களத்தில், எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/800 வினாடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 6400 பக்கம் தேவைப்படும். உங்கள் 70-300 லென்ஸை நடுவில் வைத்தால் கிடைப்பது எஃப் 5.6. அது 2.8-ஐவிட இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது உள்ளே வரும் வெளிச்சம் கால் பங்கு. அதே 1/800-க்கு ஐஎஸ்ஓ 25,600 வேண்டும். டி5600-இன் கடைசி எல்லையே அதுதான். ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சத்தை 6400 என்று கட்டிவைத்திருந்தால் கேமரா ஷட்டரை 1/200-க்கு இறக்கிவிடும். ‘கபடி கபடி’ என்று பாடி வருபவரின் (ரெய்டரின்) கை வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் நீள்கிறது என்று வைத்துக்கொண்டால், 1/200-இல் அந்தக் கை இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். விரல்கள் கரைந்து போவது இதனால்தான். லென்ஸில் இருக்கும் விஆர் உங்கள் கை நடுக்கத்தை மட்டும் அடக்கும், ஆட்டக்காரரின் ஓட்டத்தை நிறுத்தாது.

இப்போது அதே களத்தில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போடுங்கள். 1/800-க்கு ஐஎஸ்ஓ 2600 அளவில் முடிந்துவிடுகிறது. பாடி மாற்றாமலே படம் படமாகிவிடும். நிக்கான் 85 மி.மீ. எஃப் 1.8ஜி, ஒன்றரை லட்சத்தில் முதலில் இதற்குத்தான் காசு போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: இதே 85-இல் பழைய ‘டி’ வகையும் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதனால் ‘டி’ லென்ஸ் அதில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. பெயரில் ‘ஏஎஃப்-எஸ்’, கடைசியில் ‘ஜி’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

85 ஏன், 50 ஏன் இல்லை? டி5600 மாதிரியான க்ராப் சென்சாரில் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது) 85 மி.மீ. லென்ஸ், 8 மீட்டர் தூரத்தில் சுமார் 2.2 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் ஓர் ஆள் தலை முதல் கால் வரை நிறைந்து நிற்பார். 50 மி.மீ. லென்ஸ் அதே தூரத்தில் 3.7 மீட்டரைக் காட்டும், பாடி வருபவரும் அவரைச் சுற்றி மடக்குபவர்களும் சேர்ந்து வருவார்கள். கடைசிக் கோட்டுப் பக்கம் உட்காருபவருக்கு இரண்டும் பயன்படும். ஒன்றுதான் என்றால் 85. முகம் பெரிதாகக் கிடைத்தால்தான் கபடிப் படம் பேசும், பின்னால் இருக்கும் பேனரும் ஸ்பீக்கர் பெட்டியும் மங்கிப் போகும்.

உட்காரும் இடம் லென்ஸ் அளவுக்கே முக்கியம். பக்கக் கோட்டின் நடுவில் உட்கார்ந்தால் கிடைப்பது பக்கவாட்டு உடம்புகள். கடைசிக் கோட்டின் மூலைக்குப் போங்கள். உங்கள் பக்க அணி தடுப்பாட்டம் ஆடும்போது, பாடி வருபவர் நேராக உங்களை நோக்கி வருவார், கண், வாய், நீட்டிய கை எல்லாம் தெரியும். உங்கள் பக்க அணியிலிருந்து ஒருவர் பாடிப் போகும்போது முதுகுதான் தெரியும், ஆனால் கேமராவை இறக்கிவிடக் கூடாது. அவர் பிடிபட்டால் திரும்பி நடுக்கோட்டைத் தொடப் பாய்வது உங்களை நோக்கித்தான். நாலு பேர் இடுப்பையும் காலையும் பிடித்திருக்க, ஒரு கை மட்டும் கோட்டை நோக்கி நீளும் அந்த அரை நொடி 8.5 மீட்டர் தூரத்தில் நடக்கும். 85 அதற்கென்றே அளந்து செய்தது போல இருக்கும். ஃபோகஸ் பாயிண்டை முகத்தில் வையுங்கள், நீட்டிய கையில் வேண்டாம்.

எஃப் 1.8-ஐ முழுதாகத் திறந்தே வைக்க வேண்டும் என்றில்லை. 8 மீட்டரில் 85 மி.மீ. எஃப் 1.8-க்குத் துல்லியமாக இருக்கும் ஆழம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். பாடி வருபவரின் முகம் தெளிவாக இருந்து, ஒரு மீட்டர் பின்னால் பிடிப்பவர் கலங்கிப் போவார். வெளிச்சம் கொஞ்சம் தாராளமாக இருந்தால் எஃப் 2.2 அல்லது 2.5 வையுங்கள், ஃபோகஸ் சிறு பிசகையும் தாங்கும். களத்தில் விரித்த மேட் (விரிப்பு) ஓரத்தை ஒட்டி உட்காராதீர்கள், பிடியில் உருண்டு வெளியே விழுபவர்கள் உங்கள் மேல்தான் விழுவார்கள். இரண்டு மீட்டர் இடைவெளி, கால்களை மடக்கி உட்காருதல், மோனோபாடை அங்கே கொண்டு போகாமல் இருத்தல். இவை அவர்களுடைய பல்லுக்கும் உங்கள் லென்ஸுக்கும் நல்லது.

அடுத்த தலைவலி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. 1/800 வினாடி ஷட்டருக்கு அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டுதான் சிக்கும். அதனால் தொடர்ந்து எடுத்த பத்துப் படத்தில் ஒன்று வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, இன்னொன்று மஞ்சளாக வரும். மெட்டல் ஹாலைடு விளக்கில் நிறமும் சேர்ந்து மாறும். மலிவான எல்இடி ஃபிளட் லைட்டிலும் இதே தொல்லை. கேமரா பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, பழுது விளக்கில் இருக்கிறது. கேனான் 7டி மார்க் 2, நிக்கான் டி500 போன்ற பாடிகளில் ஃப்ளிக்கர் ரிடக்‌ஷன் வசதி இருக்கிறது. விளக்கு உச்சத்தில் எரியும் கணத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும், அதற்காகத் தொடர்படத்தின் வேகம் கொஞ்சம் குறையும். மின்சாரத்தின் அதிர்வெண் நிலையாக இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஜெனரேட்டரில் ஓடும் களத்தில் முழுதாக நம்ப வேண்டாம், ஒரு படத்துக்கு நான்கு படமாக எடுத்துத் தேர்ந்தெடுப்பதே வழி. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், ஆட்டம் தொடங்கும் முன் மேட் நடுவில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக் கஸ்டம் எடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் மிர்ரர்லெஸ் பேச்சு வருகிறது. கேனான் ஆர்10, ஆர்7, சோனி ஏ6700 எல்லாம் ஆளைக் கண்டுபிடித்துக் கண்ணிலேயே ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். ஒற்றையாக ஓடி வரும் தடகள வீரருக்கு அது வரப்பிரசாதம். கபடியில் ஏழு பேர் ஒருவரை மொய்க்கும்போது, அது யாருடைய கண்ணைப் பிடிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை, அங்கே பாயிண்டைச் சிறிதாக்கி நீங்களே வைக்க வேண்டும். இன்னொன்று, ஆர்7 எலக்ட்ரானிக் ஷட்டரில் வினாடிக்கு 30 படம் என்று விளம்பரம் சொல்லும். அந்த சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழே படித்து முடிக்க ஏறக்குறைய 1/30 வினாடி எடுக்கிறது. அதற்குள் வீசிய மட்டை வாழைப்பழம் போல வளைந்துவிடும், ராத்திரி விளக்கில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் வினாடிக்கு 15, அதையே வையுங்கள், அதுவே தாராளம். எலக்ட்ரானிக் ஷட்டரைத் துணிந்து பயன்படுத்த, படத்தை மிக வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் வேண்டும்: சோனி ஏ9, நிக்கான் இஸட்8, ஃபியூஜி எக்ஸ்-எச்2எஸ் அந்த வகை. அவை உங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே. பாடியில் ஒரு லட்சம் போட்டுவிட்டு கூடவே வரும் எஃப் 6.3 கிட் லென்ஸோடு களத்துக்கு வந்தால், புது கேமராவிலும் அதே கலங்கல் படம்தான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் பாடி பழைய நிக்கான் டி500. 2016-இல் வந்தது, 20.9 மெகாபிக்சல், வினாடிக்கு 10 படம், 153 ஃபோகஸ் புள்ளிகள், அவை ஃப்ரேமின் இரண்டு ஓரம் வரை பரவியிருக்கின்றன. மங்கிய வெளிச்சத்திலும் தயங்காமல் பிடிக்கும். உங்கள் கையில் இருக்கும் இரண்டு லென்ஸும் இதில் அப்படியே வேலை செய்யும். கேனான்காரர்களுக்கு இதே இடத்தில் 2014-இன் 7டி மார்க் 2, இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஐஎஸ்ஓ 6400-க்கு மேல் டி500 ஒரு படி நன்றாக இருக்கும். டி5600-ஐ விற்காதீர்கள், அது இரண்டாவது பாடி. ஒன்றில் 85, மற்றொன்றில் 18-55 அல்லது 50. செம்மண் பறக்கும் களத்தில் லென்ஸ் மாற்றுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் எடுத்தால், இரண்டு தடவை லென்ஸ் கழற்றினாலே வானத்தில் கரும்புள்ளிகள் தெரியும்.

மூன்றாவதாக வாங்க வேண்டியது 70-200 எஃப் 2.8. டாம்ரானின் இரண்டாம் தலைமுறை, ஜி2 என்பார்கள், பழையதாக வாங்கினால் நிக்கானுடையதைவிட விலை நன்றாகக் குறையும், தரத்தில் பெரிதாகக் குறையாது. எடை ஒன்றரைக் கிலோ. கபடியின் எதிர்ப்பாதிக்கும் வாலிபாலுக்கும் பள்ளித் தடகளத்துக்கும் இது ஒன்றே போதும். டி500, 85, 70-200 மூன்றையும் நல்ல நிலையில் பழையதாகப் பேசி வாங்கினால் ஒன்றரை லட்சத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். மூன்றுக்கும் ஒரே சமயத்தில் காசு புரளாவிட்டால் வரிசை மாறக் கூடாது: முதலில் 85, அடுத்து டி500, கடைசியில் 70-200. பெரிய போட்டி வந்தால் 70-200-ஐ ஒரு நாளைக்குக் கோவையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வாலிபால் களம் 18-க்கு 9 மீட்டர், ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர். ஸ்மாஷ் அடிப்பவரின் முகம் வேண்டுமென்றால் எதிரணியின் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், அப்படி நின்றால் ஃபோகஸ் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் டி500-இல் ‘ஃபோகஸ் டிராக்கிங் வித் லாக்-ஆன்’ என்ற மெனு. குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று 1 முதல் 5 வரை சொல்லலாம். வாலிபாலுக்கும் கபடிக்கும் 4 வையுங்கள். குதித்தவர் உச்சியில் ஒரு கணம் நிற்பது போல இருப்பார், உடம்புக்கு 1/640 போதும். ஆனால் அடிக்கும் கையும் பந்தும் உறைய 1/1250 வேண்டும், 70-200 எஃப் 2.8 அங்கேதான் தன் விலையை நியாயப்படுத்தும். வெளிச்சம் போதாத களத்தில் ஸ்மாஷை விட்டுவிட்டு, பிளாக் போட இருவர் கை தூக்கி நிற்கும் கணத்தை 85-இல் எடுப்பது புத்திசாலித்தனம்.

ரேக்ளாவுக்கு இந்தச் செலவெல்லாம் தேவையே இல்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6 வைத்தாலே 1/1600 கிடைக்கிறது. உங்களிடம் இருக்கும் 70-300 போதும். 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டத்தில் காளைகள் எல்லைக் கோட்டில் நிற்கப் போவதில்லை, வேகம் அடங்க இன்னும் தூரம் ஓடும், அந்த நேர்ப்பாதையில் மட்டும் நிற்கவே கூடாது. தடுப்புக்கு வெளியே, கோட்டைத் தாண்டிப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, சாய்வாக நில்லுங்கள். கூட்டம் கோட்டருகே குவிவதால் இங்கே கொஞ்சம் இடமும் இருக்கும். மயிலைக் (சாம்பல் வெள்ளைக்) காளையும் செம்மண் தரையும் சேர்ந்த ஃப்ரேமில் கேமரா மீட்டர் தரையைப் பார்த்து ஏமாந்து காளையின் முதுகை வெளுக்கவிடும், திமிலின் மடிப்பும் தோலின் நெளிவும் போய்விடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் மைனஸ் 0.7 இறக்குங்கள். காரிக் (கறுப்புக்) காளை வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் பேனிங் (வண்டியோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே) எடுக்க 1/125, பழகிய பின் 1/80. இடுப்பிலிருந்து திரும்புங்கள், வண்டி கடந்த பிறகும் கேமராவை உடனே நிறுத்தாதீர்கள்.

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் போனாலும் இதே பாடம்தான். 1/2000-இல் எடுத்த பந்தயக் கார் நிறுத்தி வைத்த கார் மாதிரிதான் தெரியும், சக்கரம் சுழல்வது தெரிய 1/200 பக்கம் இறங்க வேண்டும். கம்பி வலை குறுக்கே இருந்தால் லென்ஸின் வாயை வலையோடு ஒட்டி வைத்து, அப்பர்ச்சரை முழுதும் திறந்தால் வலை மறைந்துபோகும்.

150-600 எப்போது வேண்டும்? கிரிக்கெட்டுக்கு. எல்லைக் கோட்டிலிருந்து பேட்ஸ்மேன் 65 மீட்டர் என்றால், க்ராப் பாடியில் 200 மி.மீ. காட்டும் உயரம் 5 மீட்டர், ஆள் ஃப்ரேமில் மூன்றில் ஒரு பங்குதான். 600-இல் 1.7 மீட்டர், ஆள் நிறைந்து நிற்பார். கோவை எஸ்என்ஆர் கல்லூரி மைதானத்திலும் சேலம் வாழப்பாடியிலும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் நடக்கின்றன, அங்கே எல்லைக் கோட்டருகே உட்கார அனுமதி அட்டை வேண்டும். அந்த நிலைக்கு வரும்போது இந்த லென்ஸை யோசிக்கலாம். அதுவும் பகல் லென்ஸ்தான். சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்கு மேல் 600-இல் எடுத்தால் எல்லாப் படமும் மெழுகு போல வரும். லென்ஸ் மோசம் என்று அதை விற்றுவிடாதீர்கள், அது பிட்ச்சிலிருந்து எழும் கானல். எத்தனை விலை லென்ஸும் கானலை ஊடுருவாது. காலை ஒன்பதுக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் புரிந்துவிடும்.

களத்தில் இறங்கும் நாளுக்கான அமைப்பு: மேனுவல் மோடு, ஷட்டரும் அப்பர்ச்சரும் நீங்கள் வைப்பது, ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ, உச்சம் 12,800. ஃபோகஸ் ஏஎஃப்-சி (நகரும் ஆளை விடாமல் தொடரும் வகை), டி500-இல் பகுதி க்ரூப் ஏரியா (சில புள்ளிகள் சேர்ந்து பிடிப்பது), ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்க ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மாற்றுங்கள். படம் இருட்டாக எடுத்துப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கினால் நிழலில் நாய்ஸ் கொட்டும், அதைவிட ஐஎஸ்ஓவை ஏற்றி எடுப்பதே மேல். மெமரி கார்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரா ஃபைல் (சுருக்காத மூலப் படம்) ஒன்று 25 எம்பி என்றால் பத்துப் படத்துக்கு வினாடிக்கு 250 எம்பி எழுத வேண்டும். சாதாரண யுஎச்எஸ்-1 கார்டின் உச்சமே 104 எம்பி. பஃபர் (கார்டில் எழுதும் முன் படங்கள் காத்திருக்கும் இடம்) நிறைந்து கேமரா திணறுவது எப்போதும் நல்ல பிடியின் நடுவில்தான். டி500-இல் யுஎச்எஸ்-2 எஸ்டி கார்டு போடலாம். பத்திரிகைக்கு உடனே அனுப்பும் படம் என்றால் ஜேபெக் மட்டும் எடுத்தாலே போதும்.

இனிப் பழைய பொருள் வாங்கும்போது. டி500 ஷட்டர் தாங்கும் என்று சோதித்த கணக்கு 2,00,000 முறை. விற்பவரை உங்கள் கண் முன்னால் ஒரு படம் எடுக்கச் சொல்லி, அந்த ஜேபெக்கை அப்படியே வாங்கி எக்ஸிஃப் (படத்தோடு பதியும் விவரம்) பாருங்கள், ஷட்டர் எண்ணிக்கை அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், டாக்குமெண்டாக வாங்குங்கள். லென்ஸின் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். இரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. 70-200-ஐ 200-இல் எஃப் 2.8 வைத்து நான்கு மீட்டரில் ஒரு நாளிதழை எடுத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள். பிறகு தெருவுக்கு வந்து, எதிரே வரும் இருசக்கர வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஏஎஃப்-சியில் தொடர்ந்து எடுங்கள். பத்தில் ஏழெட்டாவது துல்லியமாக வர வேண்டும். எல்லாமே ஒரே அளவுக்கு முன்னாலோ பின்னாலோ போனால் டி500-இல் ஏஎஃப் ஃபைன் ட்யூன் (ஃபோகஸைச் சிறிது முன்பின் நகர்த்தும் மெனு) செய்து சரிசெய்யலாம், டி5600-இல் அந்த வசதி இல்லை. சில படம் முன்னே, சில படம் பின்னே என்று தாறுமாறாகப் போனால் மோட்டார் கோளாறு, எவ்வளவு விலை இறக்கினாலும் எடுக்காதீர்கள். லென்ஸ் வந்ததும் தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்க வேண்டாம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். விற்பவரிடம் பழைய பில் இல்லையென்றால், பாடி, லென்ஸ் இரண்டின் வரிசை எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு பணம் கொடுங்கள்.